வெயிலுமுத்து ஐயாவின் கேமரா

செப்டம்பர் 15, திங்கள்

லேப்டாப் பிழைத்து வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நாகஜோதி அக்கா பழைய விண்டோஸை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பாதான் போய் வாங்கி வந்தார். என்னையும் கூப்பிட்டார். மாவு புளிக்க வைத்திருக்கிறேன், விட்டுவிட்டு வர முடியாது என்றேன். "மாவு தானா புளிக்கும், அதுக்கு ஆள் காவல் வேண்டாம்" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். ஆனாலும் நான் போகவில்லை.

அக்கா சொல்லி அனுப்பியதை அப்பா ஒப்பித்தார்.

"டிரைவருங்க எல்லாம் அதுலயே ஒரு பக்கத்துல வரிசையா கெடக்காம் பாப்பா. எது வேணுமோ அதை மட்டும் டிக் அடிச்சுப் போட்டுக்கணுமாம். மொத்தத்தையும் இழுத்துப் போட்டா எடம் பத்தாம மறுபடியும் படுத்துருமாம்."

"ஒரு டிரைவரை வச்சுக்கிட்டே நான் படாத பாடு படுறேன்" என்றாள் அம்மா. அப்பா மினி பஸ் ஓட்டுகிறார்.

இந்த டிரைவர் வேறு. லேப்டாப்பில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் எப்படி வேலை வாங்குவது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல். டிரைவர் இல்லாவிட்டால் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான். என் லேப்டாப்பில் இப்போது காத்திருப்பவை: ஒலி, டச்பேட், ப்ளூடூத், கைரேகை, கிராபிக்ஸ், மெமரி கார்டு, மைக், கேமரா. எல்லாமே விருப்பப்பட்டால் மட்டும்.

நெட், அப்பாவின் போனிலிருந்து வர வேண்டும். அவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும்போது அன்றைய டேட்டாவை வடிவேலன் டீக்கடையில் உட்கார்ந்து காமெடி பார்த்தே தீர்த்திருப்பார். மிச்சம் இருந்ததில் ஒலியை மட்டும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அது வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

டச்பேட் போட்டாயிற்று. இனி இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்தலாம். விரலில் மாவு இருந்தால் நகராது.

மாவு வாங்க வந்த ஒரு பெரியம்மா, "ஏன் பாப்பா, பதினொன்னாம் வகுப்பு சேர்ந்தியே, ஏன் நிறுத்திட்டே?" என்று கேட்டார். "பஸ் வசதி சரியில்லை" என்றேன். அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அப்பாவின் பஸ்ஸில் ஏறிப் போனார். காலை எட்டரை டிரிப். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய்த் திரும்பும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! அரையிறுதி! இறுதிப் போட்டிக்குப் போகிறோம்!

கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். ஞாயிறு தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு வாசகர் வட்டம் இணையத்தில் வினாடி வினா நடத்துகிறது. அணிக்கு மூன்று பேர். எங்கள் அணியில் தென்காசி ஆவுடையம்மாள், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடி ஜெசிந்தா, பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் அக்கா. மூன்றாவது ஆள் வெயிலுமுத்து ஐயா.

வெயிலுமுத்து என்பது நான்.

இது பொய் இல்லை. லேப்டாப்பை அப்பா, தன் பஸ்ஸில் தினமும் வரும் ஒருவரிடம் வாங்கினார். அவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் பேர் அதிலேயே இருந்தது. நான் முதல் தடவை போட்டிக்குள் நுழைந்தபோது அந்தப் பெயரே பதிவாகிவிட்டது. "வணக்கம் ஐயா, வாங்க" என்றார்கள். வணக்கம் என்று தட்டினேன். ஒருவர் வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வதுதானே முறை.

அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன், பதிலைத் தட்டுவேன். ஏன் பேசுவதில்லை என்று முதல் வாரமே கேட்டார்கள். "தொண்டை" என்று தட்டினேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தொண்டைக் கட்டு. பிறகு அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நல்ல மனிதர்கள்.

இன்று கடைசிக் கேள்வி, தேனீக்கு எத்தனை கண்? ஐந்து என்று தட்டினேன். "ஐயான்னா ஐயாதான்!" என்று ஜெசிந்தா அக்கா கத்தினார். ஆவுடையம்மாள், "நாலு வருசமா ஆடுதேன், இப்பத்தான் இறுதிக்கு வாரேன். எல்லாம் ஐயா புண்ணியம்" என்றார்.

அதன் பிறகு, போட்டி நடத்தும் மதிவாணன் சார் ஒரு அறிவிப்புச் செய்தார். சில அணிகள் போனில் தேடிப் பார்த்துப் பதில் சொல்வதாகப் புகார். ஆகவே அக்டோபர் 12 இறுதிப் போட்டியில் ஒவ்வொருவரும் கேமராவைப் போட்டு உட்கார வேண்டும். பதிலை வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் அந்த அணி கிடையாது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று தோசை சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கேமரா டிரைவரைப் போட இடம் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கைரேகை டிரைவர் போட்டேன். கேமராவைவிடப் பெரியது. பாதுகாப்பு முக்கியம். உளுந்து கழுவிக் கழுவி என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது போல. "உங்களைத் தெரியவில்லை" என்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

அப்பா ஆசைப்பட்டுக் கேட்டார் என்று ப்ளூடூத் டிரைவர் போட்டேன். லேப்டாப்பில் இருக்கும் பாட்டை பஸ்ஸில் கேட்க வேண்டுமாம். பஸ் வாசலில்தான் நின்றது. உடனே இணைத்துக் காட்டினேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "எம் பொண்ணு இன்ஜினியரு!" என்று ஸ்டீரிங்கில் தாளம் போட்டார்.

மைக், கேமரா இரண்டையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு எதையும் போடக்கூடாது என்று நாகஜோதி அக்காவே சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மாலை அணிப் பயிற்சி. எங்கள் மூன்று பேருக்கு மட்டும். உள்ளே நுழைந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒலி டிரைவர்தான் போய்விட்டது என்று நினைத்து அதை நோண்டிக்கொண்டிருந்தேன். வெளியே அப்பா பஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

திடீரென்று தெருவே அதிர்ந்தது.

"வெயிலுமுத்து ஐயா! நல்லா இருக்கேளா? தொண்டைக்கு மருந்து ஒழுங்காச் சாப்பிடுதேளா?"

பஸ்ஸிலிருந்து! மேலே நான்கு ஸ்பீக்கர், கீழே இரண்டு. லேப்டாப் போன வெள்ளிக்கிழமை பழக்கத்தில் போய் பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆவுடையம்மாள் தென்காசியிலிருந்து எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"சுக்கும் மொளகும் தட்டிப் போட்டு, பனங்கல்கண்டு சேத்து, மூணு வேளையும் குடிக்கணும் ஐயா. ஆபரேசன் பண்ணுன தொண்டை. அசட்டையா இருந்துராதிய."

"ஆபரேசன்னு ஐயா சொன்னாங்களாக்கா?" ஜெசிந்தா அக்கா.

"சொல்லணுமா ஜெசிந்தா? இத்தன மாசமா ஒரு சத்தம் வரல. மனுசன் வெளிய சொல்லாம மனசுக்குள்ள வச்சிருக்காரு. நாம கேக்கவும் கூடாது."

நான் பேட்டரியைப் பிடுங்க நினைத்தேன், இந்த லேப்டாப்பில் பிடுங்க முடியாது. மூடிவிட்டேன்.

அம்மா கையில் மாவுக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "யாருங்க அந்த வெயிலுமுத்து? நம்ம பஸ்ஸுக்குள்ள ஏன் வைத்தியம் பாக்குறாக?"

அப்பா பஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா பொத்தாமல் சிரித்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

"ஐயா, காபி ஆச்சுங்களா?"

"ஐயா, தேங்காய் துருவிட்டீங்களா?"

"ஐயா கொஞ்சம் நகருங்க, சாமான் எடுக்கணும்."

காலையிலிருந்து அப்பா இதே வேலையாக இருக்கிறார்.

அம்மா மட்டும் மத்தியானம் சாப்பிடும்போது, "அந்த அம்மா நெசமாவே கவலைப்படுது பாப்பா. பாவம்டி" என்றாள். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. வெயில் காரணம்.

கேமராவைப் போடாவிட்டால் எங்கள் அணிக்கு இறுதிப் போட்டி இல்லை. போட்டால் வெயிலுமுத்து ஐயா இல்லை. ஐயா போனால் அவர்கள் இருவரும் என்னோடு எதற்குப் பேசப்போகிறார்கள்? எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே அவர்களால்தான்.

கிராபிக்ஸ் டிரைவர் போடலாமா என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கிரைண்டரைக் கழுவித் துடைத்து விபூதிப் பட்டை போட்டோம். அப்பா பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டினார். அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். லேப்டாப்பைத் திறந்தபடியே சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. நாளை வரை எடுக்கக்கூடாது. எனக்கு ரொம்ப நிம்மதியான நாள். சுண்டல் பிரமாதம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. "இன்னைக்கு எதைத் தொடங்குனாலும் விளங்கும். அந்தக் கேமராவை இன்னைக்கே போட்டுரு" என்று அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அப்பா டேட்டாவைத் தொடாமல் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். தப்பிக்க வழியே இல்லை.

டிக் அடித்தேன். இறங்கியது. பதிந்தது. கேமராவைத் திறந்தேன்.

திரை முழுக்க ஒரே கருஞ்சிவப்பு. வேறு எதுவும் தெரியவில்லை. கையை ஆட்டினேன், ஒன்றும் ஆடவில்லை.

"இது தப்பான டிரைவர்" என்றேன். எடுத்துவிட்டுப் பழைய பதிப்பைப் போட்டேன். சிவப்பு. கிராபிக்ஸ் டிரைவர் இல்லாததால் இருக்கும் என்று அதையும் போட்டேன். இப்போது இன்னும் தெளிவான சிவப்பு.

ரொம்ப வருத்தமாக இருந்தது என்று எழுத வேண்டும். ஆனால் நாட்குறிப்பில் பொய் எழுதக்கூடாது.

அக்டோபர் 4, சனி

அப்பா விடவில்லை. பஸ்ஸில் ஏற்றி, நாகஜோதி அக்கா கடை வாசலில் இறக்கிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்குள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன பிள்ள?"

நான் லேப்டாப்பை நீட்டினேன்.

"அது தெரியுது. அதுக்கு என்ன செய்யுது?"

"சிவப்பு" என்றேன்.

அக்கா திறந்தார். கேமராவைப் போட்டார். சிவப்பைப் பார்த்தார். பிறகு திரைக்கு மேலே, சட்டத்தின் நடுவில் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

"பொட்டு வச்சது யாரு?"

"அம்மா."

"ஏன் இங்க வச்சாங்க?"

அம்மா வைக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிரைண்டருக்கு வயிற்றில் வைத்தாள். பஸ்ஸுக்குக் கண்ணாடிக்கு மேலே வைத்தாள். லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "இதுக்கு நெத்தி எதுன்னு பாத்து வைக்கணும்ல" என்று சொல்லி, மேலே சரியாக நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். அந்த நெற்றியில்தான் கேமரா இருக்கிறது. எனக்கும் தோன்றவில்லை.

அக்கா கட்டைவிரலால் குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். "சாமி குங்குமத்தைக் கீழ போடக்கூடாது. டிரைவர் மேல குத்தமே இல்ல பிள்ள, தங்கமா ஓடுது." ஈரத்துணியால் துடைத்தார்.

திரையில் நான் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் காத்திருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். கடையில் என் முகம் அவ்வளவு பெரியதாகத் தெரிந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

மைக் டிரைவரும் போட்டேன். எல்லாம் போட்ட பிறகு அது ஒன்று மட்டும் எதற்குப் பாவம்.

பதிவு செய்து பார்த்தேன். "ஹலோ" என்றேன். போட்டுக் கேட்டால் கிரைண்டர் மட்டும் பேசுகிறது. கிரைண்டரை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். மெல்லிய குரல். யாரோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. மோசம் என்று சொல்ல முடியாது.

வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் எனக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வரும். அங்கேயே நின்றுவிடும். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும். சிரிப்பதுகூடப் பரவாயில்லை. காத்திருப்பதுதான் தாங்க முடியாது.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்? உளுந்து ஊறப் போட வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

நாளைய பயிற்சியில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். கேமராவைப் போட்டு, "வணக்கம், வெயிலுமுத்து நான்தான், மன்னிச்சிருங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கிரைண்டருக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வெயிலுமுத்து ஐயாவுக்கு இப்போது ஒரு பேத்தி இருக்கிறாள்.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்தது இதுதான்.

கேமராவைப் போட்டேன். ஆவுடையம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் வந்தார். நான் நினைத்ததைவிட நல்ல சிவந்த நிறம். பெரிய மூக்குத்தி. "யாரும்மா இது? ஐயாவோட பேத்தியா?"

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்று.

"எவ்வளவு லட்சணமா இருக்கா!" என்றார் ஆவுடையம்மாள். "தாத்தாவை நல்லாப் பாத்துக்கோம்மா" என்றார் ஜெசிந்தா அக்கா. நான் இன்னொரு தடவை தலையாட்டிவிட்டு அணைத்துவிட்டேன்.

இன்று காலை ஆவுடையம்மாளிடமிருந்து செய்தி. "ஐயா, மதிவாணன் தம்பிகிட்ட பேசிட்டேன். உங்களுக்குப் பேச்சு வராதுங்கிறதால பலகையில் எழுதிக் காட்டலாம், பேத்தி அதை வாசிக்கலாம்னு ஒத்துக்கிட்டார். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாப் போதும்."

அப்பா இதைப் படித்துவிட்டுச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஒரு வயசான ஆளுதான வேணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"உங்களுக்கு நாற்பத்தஞ்சு வயசு" என்றாள் அம்மா.

"தலையில ரெண்டு கை அரிசி மாவைப் போடு. எழுபது ஆயிரும்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்தால் போதும், அணி ஆடிவிடும், ஆவுடையம்மாளும் இறுதிப் போட்டியைப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். உண்மையை அதற்குப் பிறகு கடிதம் மாதிரி தட்டி அனுப்பிவிடலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

இறுதிப் போட்டி.

அப்பா ஐந்து மணிக்கே வேஷம் கட்டிவிட்டார். வேட்டி, தலையிலும் மீசையிலும் அரிசி மாவு, நெற்றி நிறைய விபூதி, கழுத்தைச் சுற்றித் துண்டு. கண்ணாடியைப் பார்த்து இருமிப் பழகினார். அம்மா சிரிப்பு தாங்காமல் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். எழுதிக் காட்ட, வாசலில் மாட்டியிருக்கும் மாவுப் பலகையை எடுத்து வந்தோம். நான் மேசைக்குக் கீழே தாளில் பதிலை எழுதிக் காட்டுவேன், அப்பா அதைப் பார்த்துப் பலகையில் எழுதுவார், நான் வாசிப்பேன். பேச வேண்டியது ஒரே ஒரு சொல். அதைக்கூட அப்பாவின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு சொல்லலாம்.

ஆறு மணி. திரையில் எல்லா முகங்களும் வந்தன. ஆவுடையம்மாள் எழுந்து நின்று அப்பாவைக் கும்பிட்டார். "ஐயா, உங்களை நேர்ல பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்." அப்பா கண்ணை மூடி, கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். கொஞ்சம் மாவு உதிர்ந்தது.

முதல் கேள்விகள் நன்றாகவே போயின. அப்பா எழுதினார், நான் வாசித்தேன். என் குரல் கேட்டது. நாங்களும் மதுரை அணியும் சரிக்குச் சரி.

நடுவில் ஒரு தடவை அப்பா அவசரத்தில் பலகையின் மறுபக்கத்தைக் காட்டிவிட்டார்.

மதிவாணன் சார் கண்ணைச் சுருக்கினார். "ஐயா... நான் கேட்டது இந்தியாவோட மிகப் பெரிய உப்பு நீர் ஏரி. நீங்க 'இட்லி மாவு கிடைக்கும்'னு எழுதியிருக்கீங்க."

"சிலிகா!" என்றேன். பலகையைத் திருப்புவதற்கு முன்பே. தோளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தும்விட்டேன்.

"பேத்திக்கும் தெரிஞ்சிருக்கு" என்று எல்லோரும் சிரித்தார்கள். கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து இந்தக் கேள்வி. "சாலையோர மைல்கல்லின் தலையில் பச்சை வண்ணம் பூசியிருந்தால், அது எந்த வகைச் சாலை?"

எனக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா அக்கா உதட்டைப் பிதுக்கினார். ஆவுடையம்மாள் யோசித்தார். நேரம் ஓடியது. பக்கத்தில் அப்பா நெளிந்தார். துண்டை இழுத்தார். பலகையை எடுத்தார், சாக்பீஸ் உடைந்தது. குனிந்து தேடினார். மணி அடிக்கப் போகிறது. அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"ஸ்டேட் ஹைவேஸ் சார்! மஞ்சள்னா நேஷனல், பச்சைன்னா ஸ்டேட்! தெனம் பாக்குறேன்ல!"



ஆவுடையம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "ஐயாவுக்குக் குரல் வந்துட்டு! ஜெசிந்தா, ஐயாவுக்குக் குரல் வந்துட்டுட்டீ!" அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. திரையை விட்டு எழுந்து எங்கேயோ ஓடினார். சாமி மணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா அக்கா கை தட்டினார். மதுரை அணியும் தட்டினார்கள். மதிவாணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார்.

ஆவுடையம்மாள் திருநீற்றோடு திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அந்த முகத்தைப் பார்த்ததும் கேமராவுக்குக் கிட்டத்தில் போனேன்.

"அம்மா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். காத்திருந்தார்கள்.

"இவரு எங்கப்பா. மினி பஸ் ஓட்டுறாரு. தலையில இருக்கிறது மாவு. இவருக்குத் தொண்டையில ஒன்னும் இல்ல." அதற்கு மேல் நின்றுவிட்டது. காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வந்தது. "வெயிலுமுத்து நான்தான். ஆரம்பத்துல இருந்தே நான்தான். பேசப் பயமா இருந்துச்சு. மன்னிச்சிருங்கம்மா."

ஆவுடையம்மாள் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"மதிவாணன் தம்பி, எங்க அணியில மூணு பேரும் இருக்கோம். அடுத்த கேள்வியைக் கேளுங்க."

மைல்கல் கேள்வி கணக்கில் வரவில்லை, வெளியாள் சொன்ன பதில். மிச்சக் கேள்விகளுக்கு நானே பேசினேன். ஒரே ஒரு கேள்வியில் தோற்றோம். ஆவுடையம்மாள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு கேமராவை அணைத்துவிட்டார். என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தலையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் வாய் இருக்கே பாப்பா..." என்றார். "பதில் சரிதான்ப்பா" என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆவுடையம்மாள் கூப்பிடவில்லை. கைரேகை டிரைவரை எடுத்துவிட்டேன். வீண் இடம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாலை கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மாவை உறைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். லேப்டாப் மணி அடித்தது. வீடியோ அழைப்பு. முழங்கையால் பொத்தானை அழுத்தினேன்.

ஆவுடையம்மாள். கையில் டம்ளர்.

"ஏட்டீ!" என்று தொடங்கினார். மூச்சு விடவில்லை. "உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்காட்டீ? ஐயாவுக்குக் குரல் வரணும்னு குற்றாலநாதர்கிட்ட வேண்டிக்கிட்டு ஒரு மாசமா காபிய விட்டுட்டேன் தெரியுமா? காபிய! காலையில அது இல்லாம எனக்குக் கண்ணே தொறக்காது. என் வீட்டுக்காரரு செத்தப்பகூட நான் காபிய விடல!"

"மன்னிச்சிருங்கம்மா."

"மன்னிக்கிறதாவது. இப்பக் குடிச்சிட்டுத்தான் திட்டுதேன்." ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "வேண்டுதல் வீணாப் போகல, போ. குரல் வந்துட்டுல்லா. யாருக்கு வந்தா என்ன."

என்னால் பேச முடியவில்லை. இது அந்தப் பழைய மாதிரி இல்லை.

"அழாதட்டீ, மாவுல விழுந்துரும். ஜெசிந்தா உன்கூட சண்டை போடணும்னு வரிசையில நிக்கா, ராத்திரி டூட்டி முடிஞ்சதும் கூப்புடுவா. இப்பக் கேளு. அடுத்த மாசம் புது ஆட்டம். அணிப் பேரு இன்னைக்கே பதியணும். ஐயா பேரைப் போட முடியாது. உம் பேரு என்ன?"

சொன்னேன்.

"என்னது? அங்க என்ன ரைஸ் மில்லா ஓடுது? ஒன்னுமே கேக்கல."

கிரைண்டரை நிறுத்தப் போனேன். கை முழுக்க மாவு. பரவாயில்லை என்று விட்டுவிட்டு, பேரை இன்னொரு தடவை சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுட்டீ!"

"காளீஸ்வரி!"

தெருக்கோடியில் இன்னொரு காளீஸ்வரி இருக்கிறாள். "என்னக்கா?" என்று அவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள்.